சிவப்பு ஃபில்டர் போட்டால் அம்மாவின் பொட்டைக் காணோம்: கறுப்பு வெள்ளை காம்பாக்ட் கேமரா, முதல் 4 நாள்

அழகாபுரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள், எழுதுவது அபூர்வம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சினன் லீவுக்கு வந்தபோது ரிக்கோ ஜிஆர் 4 மோனோக்ரோம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். வந்த மறுநாளே குலதெய்வம் கோவில், கல்யாண வீடு என்று அலைய ஆரம்பித்துவிட்டதால், "நீங்களே வெச்சிருங்க மாமா, புடிச்சிருந்தா வெலை பேசிக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். இன்றோடு 4 நாள். விலை பேசுவதென்றால் என்னிடம் இருக்கிற கலர் கேமராவையும் இரண்டு லென்ஸையும் விற்றாக வேண்டும், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் கையில் எடுத்தபோது தோன்றியது: இவ்வளவுதானா? பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 262 கிராம்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவே. ஜூம் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. 28 மி.மீ. அகலப் பார்வை தருகிற ஒரே லென்ஸ், துவாரம் எஃப் 2.8. இதெல்லாம் போக, கலரும் கிடையாது. வீட்டில் மெனு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு "கலர் எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, படம் பதியும் சென்சாரிலேயே நிறம் பிரிக்கும் வேலை இல்லை என்று சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதல் நாள் கார்டு போட மறந்தே வெளியே போய்விட்டேன். உள்ளேயே 53 ஜிபி இடம் இருப்பதால் தப்பித்தேன். பட்டனை அழுத்தினால் ஒரு வினாடிக்குள் தயாராகிவிடுகிறது. சேலம் நாலு ரோட்டில் சிக்னலில் நின்றபடியே பையிலிருந்து எடுத்து ஒரு படம் எடுத்து, பச்சை விழுவதற்குள் திரும்பப் பையில் போட்டுவிட்டேன். என் பெரிய கேமராவில் இந்நேரம் மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை 5 மணிக்கே ஏற்காடு கிளம்பினேன். 20 கொண்டை ஊசி வளைவும் பனிக்குள்ளேயே போனது. இந்தக் கேமராவில், இதன் கலர் வடிவமான சாதாரண ஜிஆர் 4-ல் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் இருக்கும் இடத்தில், ஒரு சிவப்பு ஃபில்டரை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வெளியே எதுவும் மாட்ட வேண்டாம், ஒரு பட்டனுக்கு ஒதுக்கிக்கொண்டால் போதும். சிவப்பு ஃபில்டர் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஏரிக்கரையில் நின்று போட்டேன், எடுத்தேன், போட்டேன், எடுத்தேன். சில்வர் ஓக் மரங்கள் பனியில் எப்படி நின்றனவோ அப்படியேதான் நின்றன. ஷட்டர் வேகம் குறைந்து படம் இரண்டு ஆடிப்போனதுதான் மிச்சம்.

சரி, ஃபில்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பனி விலகிய பிறகு 10 மணி வாக்கில் மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் போனேன். கீழே சேலம் வழக்கம்போல நீலம் பாரித்த புகைக்குள் கிடந்தது. அதே ஃபில்டரைப் போட்டு எடுத்தால், கண்ணுக்கே சரியாகத் தெரியாத கட்டட வரிசையெல்லாம் கோடு கோடாக வந்து நிற்கிறது! வானம் கிட்டத்தட்ட கறுப்பு. எனக்குப் புரியவே இல்லை. ஏரியில் வேலை செய்யாதது இங்கே எப்படி?

அன்றைக்கே இன்னொன்று. மதிய வெயிலில் எடுத்த படங்களில் மேகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. என் கலர் கேமராவில் இப்படி ஆனால், சென்சார் தருகிற மூல ஃபைலான ரா ஃபைலில் ஸ்லைடரை இழுத்து ஓரளவு மீட்டுவிடுவேன். இதில் இழுத்தால் வெள்ளை சாம்பல் ஆகிறதே தவிர மேகம் வரவில்லை.

கடைசியாக அம்மா. நான் வீடு திரும்பியபோது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை, ஃபில்டரை எடுக்க மறந்து எடுத்துவிட்டேன். முகம் பளிச்சென்று, சுருக்கம் பாதி குறைந்து, பத்து வயது இளமையான மாதிரி வந்திருக்கிறது. ஆனால் நெற்றியில் குங்குமப் பொட்டு இல்லை. அடியோடு இல்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நல்ல நாளும் அதுவுமா என் பொட்ட அழிச்சு வெச்சிருக்க" என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேட்க வேண்டியது மூன்று. சிவப்பு ஃபில்டர் ஏன் ஓரிடத்தில் வேலை செய்கிறது, ஓரிடத்தில் இல்லை? வெள்ளை வெந்துபோவதற்கு என்ன வழி? அப்புறம், கலரில் எடுத்துக் கணினியில் கறுப்பு வெள்ளை ஆக்கினால் இதே படம் வராதா, வரும் என்றால் நான் எதற்கு லென்ஸை விற்க வேண்டும்?


கல்யாணக் கேமரா எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் முதலில் வருகிறேன். விற்காதீர்கள் அண்ணா. ஆத்தூர் பக்கம் 12 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். கறுப்பு வெள்ளை ஆல்பம் கேட்டு வருகிறவர்கள்கூடக் கடைசியில் முகூர்த்தப் புடவையின் நிறம் தெரிய ஒரு பத்துப் பக்கமாவது வேண்டும் என்பார்கள். கலரில் எடுத்த ஃபைலைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும், எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருகிக்கொள்ளலாம். பச்சைப் புடவைக்கு அரக்கு முந்தானை என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டும் சேர்ந்து ஒரே சாம்பலாக விழுந்தால் நான் சிவப்பை மட்டும் இறக்கி முந்தானையைத் தனியாகக் காட்டுவேன். உங்கள் கேமராவில் அது முடியாது. எடுத்த நொடியில் என்ன சாம்பலோ அதுதான், அதற்கப்புறம் பச்சை எது அரக்கு எது என்று அந்த ஃபைலுக்கே தெரியாது.

காசு செலவில்லாத ஒரு வழி: உங்கள் பழைய கேமராவில் திரையை மோனோக்ரோமுக்கு மாற்றிவிட்டு, ஜூமை 28-ல் வைத்து மேலே டேப் ஒட்டி ஒரு மாதம் சுற்றுங்கள். ஒரு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் அப்புறம் பேசுவோம்.


பிக்சல் பாண்டி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. மறு பாதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் எல்லார் கேமராவிலும் சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிக் கண்ணாடி மாதிரி ஒரு சல்லடை ஒட்டியிருக்கும். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும்தான் பார்க்கும், மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மோனோக்ரோம் சென்சாரில் அந்தச் சல்லடையே கிடையாது. ஊகம் இல்லை, அதனால் இழை இழையாகக் கூர்மை. சல்லடை தின்கிற வெளிச்சமும் மிச்சம், தோராயமாக ஒரு ஸ்டாப், அதாவது இரட்டிப்பு வெளிச்சம், என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் சாதாரண ஜிஆர் 4-ல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100-ல் தொடங்குவது இதில் 160-ல் தொடங்குகிறது.

இப்போது உங்கள் லேடீஸ் சீட் படத்துக்கு வாருங்கள். கலர் கேமராவில் எடுத்துவிட்டு, கணினியில் சிவப்பு ஃபில்டர் மாதிரி ஆக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? நீலத்தையும் பச்சையையும் இறக்கிவிட்டு சிவப்பை மட்டும் நம்புவோம். 25.7 மெகாபிக்சலில் சிவப்பைப் பார்த்தவை கால்வாசி, அதாவது 6.4 மெகாபிக்சல்தான். மீதியெல்லாம் ஊகம். வானத்தைக் கறுப்பாக்க ஸ்லைடரை இழுத்தால் புள்ளி புள்ளியாக மணல் கொட்டின மாதிரி ஆகும், மரத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். எல்லாரும் பட்டிருப்போம். மோனோக்ரோமில் ஃபில்டரை லென்ஸுக்குள் போட்டு எடுத்தால் 25.7 மெகாபிக்சலும் சிவப்பைப் பார்க்கிறது. அந்த வானம் சுத்தமாக இருக்கும். கல்யாணக் கேமரா அண்ணன் வீட்டுக்குப் போய்த் திருகுகிறார், நீங்கள் எடுப்பதற்கு முன்பே திருகியாக வேண்டும், அதுதான் வித்தியாசம்.

வெள்ளை வெந்துபோவதற்குக் காரணமும் அந்தச் சல்லடைதான். கலர் சென்சாரில் ஒரு மேகத்தில் பச்சை நிரம்பி வழிந்தாலும் சிவப்போ நீலமோ இன்னும் நிரம்பாமல் இருக்கும், மென்பொருள் அதை வைத்து மேகத்தைக் கட்டிவிடும். உங்களிடம் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி. நிரம்பினால் எல்லாம் சேர்ந்து நிரம்பும், அங்கே மீட்க ஒன்றுமில்லை. அதனால் வெயிலில் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7, சில நேரம் மைனஸ் 1 என்று இறக்கியே எடுங்கள். வெளிச்சம் அளக்கிற மீட்டரிங்கில் ஹைலைட்டுக்கு (பளிச்சென்ற பகுதிக்கு) முன்னுரிமை என்று ஒன்று இருக்கும், மதியத்தில் அதை வைத்துவிட்டு மறந்துவிடலாம். நிழல் கறுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நிழலைத் தூக்கினால் கலர் கேமராவில் வருகிற பச்சைத் திட்டு, ஊதாத் திட்டு எதுவும் இதில் வராது, வருவது வெறும் மணல்தான், அது பார்க்க ஃபிலிம் மாதிரிதான் இருக்கும்.

இப்படி ஒரு கேமரா டிஜிட்டலில் புதிது ஒன்றும் இல்லை. லைக்கா 2012-லேயே எம் மோனோக்ரோம் விட்டது, 2020-ல் க்யூ 2 மோனோக்ரோம், பென்டாக்ஸ் 2023-ல் கே-3 மார்க் 3 மோனோக்ரோம். சட்டைப் பைக்குள் போகிற அளவில் இப்போதுதான்.

விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எனக்கு இரத்த அழுத்தம்.


ஓமலூர் ரவுண்டானா எழுதியது:

எல்லாம் சரி, அம்மா சமாதானம் ஆனாரா இல்லையா?


ஹைப்போ தாத்தா எழுதியது:

தம்பி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோவில் பையனாகச் சேர்ந்தவன் நான், வேலைக்குச் சேர்ந்தபோது அரை நிஜார். டிஜிட்டல் பற்றிப் பாண்டி சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் ஃபில்டர் எனக்குத் தெரியும்.

ஏரியில் நீ பார்த்தது பனி. பனி என்றால் தண்ணீர்த் துளி. கண்ணுக்குச் சின்னதுதான், ஆனால் வெளிச்சத்தின் அலைக்கு அது மலை மாதிரி. அதில் மோதுகிற சிவப்பும் சிதறும், நீலமும் சிதறும், எல்லாம் ஒரே கணக்கு. அதனால்தான் பனி வெள்ளையாக இருக்கிறது. வெள்ளைக்கு எந்த ஃபில்டர் போட்டாலும் அது வெள்ளைதான், கொஞ்சம் இருட்டும், அவ்வளவு. லேடீஸ் சீட்டிலிருந்து நீ பார்த்தது பனி இல்லை, தூசியும் புகையும் காற்றும் சேர்ந்த மங்கல். ரொம்பப் பொடியான துகள். பொடித் துகள் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீயே "நீலம் பாரித்த" என்று எழுதியிருக்கிறாய் பார், விடை உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் நீலத்தை மறிக்கும், மங்கல் போய்விடும், பின்னால் இருக்கிற கட்டடம் வரும். தூரத்து மலை நீலமாகத் தெரிந்தால் ஃபில்டர் போடு. வெள்ளையாகத் தெரிந்தால் டீ குடி.

நாங்கள் மாட்டிய 25 நம்பர் சிவப்புக்கு 3 ஸ்டாப் கூட்ட வேண்டும், மஞ்சளுக்கு 1 ஸ்டாப். உன் கேமராவில் மீட்டரே பார்த்துக்கொள்ளும், ஆனால் கை ஆடாமல் இருக்க நீதான் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பொட்டு விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டேன். நம் ஊர்த் தோலில் சிவப்பு நிறையத் திரும்பி வரும், குங்குமத்திலும் அப்படியே. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வெளுப்பு. பொட்டு அழியவில்லை, கரைந்துவிட்டது. எங்களுக்கு இதற்கு நேர் எதிரான தலைவலி இருந்தது. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் என்று ஒன்று உண்டு, அதற்குச் சிவப்பே தெரியாது, சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டே கழுவலாம். அதில் குங்குமம் மை மாதிரிக் கறுப்பாக விழும், உதடும் கறுக்கும், முகத்தில் இருக்கிற ஒவ்வொரு பருவும் எழுந்து நிற்கும். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ என்றால் நெகட்டிவில் பென்சிலை வைத்து ராத்திரி முழுக்கத் தடவி எடுப்போம். முகம் எடுக்கும்போது உன் சிவப்பை எடுத்துவிடு. முடிந்தால் பச்சை ஃபில்டர் போடு, பொட்டு தானாக வந்து உட்காரும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த காலத்தில் அவர்களுடைய "இந்து" போட்டோ பேப்பரில்தான் எங்கள் பிரிண்ட் எல்லாம். படம் என்பது வெள்ளி. படம் கழுவின ஹைப்போ மருந்துத் தண்ணீரில்கூட வெள்ளி இருக்கும், அதை ஊற்றிவிடாமல் கேனில் சேர்த்து வைத்தால் வெள்ளிப் பட்டறைகள் இருக்கிற செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். எங்கள் தீபாவளி பட்டாசுக் காசு அதில்தான். யார் வீட்டுக் கல்யாண போட்டோவின் வெள்ளி யார் காலில் கொலுசாகிக் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

இன்னொன்று. ஏற்காட்டிலிருந்து இறங்கினதும் கேமராவை உடனே வெளியே எடுக்காதே. மேலே குளிர்ந்து கிடந்த கண்ணாடியில் கீழே உள்ள வெக்கைக் காற்று பட்டால் வேர்த்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, சூடு சமமாகும் வரை விட்டுவிடு.


அழகாபுரத்தான் எழுதியது:

தாத்தா, கடைசியில் சொன்னீர்களே, அதை நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி எடுத்த ஆறு படமும் ஆவி பிடித்த மாதிரி. லென்ஸ்தான் கெட்டுவிட்டது, மச்சினனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று டீயைக்கூடக் குடிக்காமல் நின்றேன். அப்புறம் தானாகக் காய்ந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் உங்கள் எல்லார் பேச்சையும் சோதித்துப் பார்க்கலாம் என்று தட்டுவடை செட் வாங்கினேன். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல சோதனைப் பொருள் சேலத்தில் கிடையாது. கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் சிவப்புச் சட்னி, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேல் தட்டுவடையை மூட வேண்டாம் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, 6 செ.மீ. வரை நெருங்கலாம் என்பதால் மேக்ரோவில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, சிவப்பு ஃபில்டரோடு ஒன்று. முதல் படத்தில் இரண்டு சட்னியும் ஒரே சாம்பல் சகதி, எது காரம் எது புளிப்பு என்று நக்கிப் பார்த்தால்தான் தெரியும். பீட்ரூட் கறுப்பு. இரண்டாவது படத்தில் பீட்ரூட் துருவல் வெள்ளி இழை மாதிரி மினுங்குகிறது, சிவப்புச் சட்னி கேரட்டோடு சேர்ந்து வெளுத்துவிட்டது, பச்சைச் சட்னி மட்டும் தார் ஊற்றினது போல் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே தட்டு, ஒரே வெளிச்சம். கல்யாணக் கேமரா தம்பி சொன்ன முந்தானைக் கதை இதுதான் என்று அப்போது உறைத்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சார், கலர்ல எடுத்தா நல்லாருக்குமே" என்றார்.

அங்கிருந்து நேராகச் செவ்வாய்ப்பேட்டை. தெரிந்தவர் வெள்ளிப் பட்டறையில் ராத்திரி 8 மணி வரை வேலை நடக்கும். ஒரே ஒரு குழல் விளக்கு, அப்புறம் கொலுசு பற்றவைக்கிற தீ நாக்கு. ஐஎஸ்ஓ 12800. பெரிய கேமராவில் இந்த எண்ணைப் பார்த்தாலே மூடி வைத்துவிடுவேன். இங்கே மணல் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த மணலோடு சேர்ந்தே ஆளின் விரல் நகத்துக்குள் இருக்கிற கரியும், ஊதுகுழல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உதடும், தட்டில் குவிந்த கொலுசு மணி ஒவ்வொன்றின் மேலும் தீயின் சின்னப் பொட்டும் அப்படியே இருக்கிறது. தீ நாக்கின் நடு வெந்துதான் போயிருக்கிறது. மைனஸ் 1 வைத்தும். அதைப் பாண்டி மன்னிக்கட்டும்.

தெருவில் ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்தி, எஃப் 8 வைத்துவிட்டேன். சுமார் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவு. பட்டனை அழுத்தின மறுகணமே படம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் "போன் இவ்வளவு குண்டா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.


மலைக்காப்பி எழுதியது:

நான் ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருப்பவன். அடுத்த தடவை வரும்போது ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். பழம் பறிக்கிற சமயத்தில் வந்தால், சிவந்த காப்பிப் பழத்தைச் செடியோடு சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் பழமும் இலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். போட்டால் இலை கறுத்து, பழம் மட்டும் முத்து மாதிரி வரும். என் போனில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டி நானே முயன்றிருக்கிறேன், கேவலமாக வந்தது, ஆனால் விஷயம் புரிந்தது. பனிக்கு மட்டும் ஃபில்டரைத் தொடாதீர்கள். பனியே பாதி வேலையைச் செய்துவிடும், பின்னால் இருக்கிற குப்பையெல்லாம் மறைத்து ஒரே ஒரு மரத்தை முன்னால் நிறுத்தித் தரும்.

கீழே இறங்கும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எத்தனையோ கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த இடம். தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படத்தை 1956-ல் வெளியிட்டதும் அதே ஆட்கள்தான், அதனால் சண்டை வேண்டாம்.


கல்யாணக் கேமரா எழுதியது:

அந்தப் பட்டறைப் படத்தைப் பார்த்தேன். சரி, நகத்துக் கரியை என் கேமராவில் அந்த ஐஎஸ்ஓவில் எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விற்காதீர்கள். குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவுக்கு 28 மி.மீ.யை வைத்துக்கொண்டு பத்தாவது வரிசையில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?


ஹைப்போ தாத்தா எழுதியது:

தம்பி, என் பெட்டியில் பச்சை ஃபில்டர் ஒன்று கிடக்கிறது, மஞ்சளும் உண்டு. பழைய பென்டாக்ஸ் லென்ஸுக்கு வாங்கினது, 49 மி.மீ. உன் கேமராவுக்கு அடாப்டர் வளையம் ஒன்று மாட்டினால் அதே 49 என்று பேரன் பார்த்துச் சொன்னான். வளையம் இல்லாவிட்டால் கையால் முன்னால் பிடித்துக்கொள், ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் இருப்பேன், வந்து எடுத்துக்கொண்டு போ. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்து வைக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.


அழகாபுரத்தான் எழுதியது:

போய் வாங்கி வந்தேன். தாத்தா காசு வாங்கவில்லை, பன் பட்டர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை அதே வாசலில், அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். முதலில் வரமாட்டேன் என்றார். அப்புறம் கேட்காமலேயே புடவை மாற்றிக்கொண்டு, பொட்டை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வளையம் இல்லாததால் பச்சை ஃபில்டரை இடது கையால் லென்ஸுக்கு முன்னால் பிடித்தபடி, மைனஸ் 0.7-ல் எடுத்தேன். பொட்டு நெற்றியில் வட்டமாக, கறுப்பாக, சின்ன மைக்கட்டி மாதிரி நிற்கிறது. சுருக்கமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. மூக்குத்தி இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அது வெந்ததா மினுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் தொடப்போவதும் இல்லை.

திரையை ரொம்ப நேரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது எங்கம்மா மாதிரி இருக்கு" என்றார். பிரிண்ட் வேண்டுமாம், பெரிதாக.

மச்சினன் புதன்கிழமை கிளம்புகிறான். பெரிய கேமராவை விற்பதாக இல்லை, ஆண்டு விழா பிப்ரவரியில். இதற்கு அவன் என்ன விலை சொல்கிறான் என்று இன்னும் நான் கேட்கவில்லை. அம்மா கேட்டுவிட்டார்.